துங்கநாதர் மலையும் பனிக்காலமும்

விருத்தாசலம் என்னும் பெயருக்குப் பழைய மலை என்பது பொருள். தேவாரம் பாடிய பெருமக்கள் இதனைத் திருமுதுகுன்றம் என்றனர். இறைவன் பழமலைநாதர், ஏனைய மலைகள் தோன்றுவதற்கு முன்பே அவர் மலை வடிவாய் நின்றார் என்பது தல வரலாறு. ஆயினும் வெளியூரிலிருந்து வரும் அன்பர் மலையைத் தேடினால் ஏமாந்தே போவார். கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர் உயரம்கூட இராத சமவெளி இது. கண்ணுக்குத் தெரிபவை கோயிலின் கோபுரங்களும், மணிமுத்தாறும், தொழிற்பேட்டையில் புகையும் பீங்கான் சூளைகளுமே. பெயரில் மட்டும் மலையைச் சுமந்திருக்கும் இவ்வூரில் பிறந்து, வங்கிப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்த எனக்கு, ஓய்வு பெற்ற பின்னரே இமயமலையில் ஏறும் பேறு வாய்த்தது. அங்கு அறிந்தவற்றுள் முதியோருக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கு எழுதுகிறேன்.

உத்தராகண்ட மாநிலத்தின் ருத்ரப்பிரயாகை மாவட்டத்தில் உள்ள துங்கநாதர் ஆலயம், பஞ்ச கேதாரங்களுள் மூன்றாவதாகப் போற்றப்படுவது. பாரதப் போருக்குப் பின் பாண்டவர் தம்மைத் தேடி வருவதை அறிந்த பரமன், காளை உருக்கொண்டு பூமிக்குள் மறைந்தார் என்றும், அவர்தம் திமில் கேதாரத்திலும், கரங்கள் துங்கநாத்திலும், உந்தி மத்யமகேசுவரத்திலும், முகம் ருத்ரநாத்திலும், சடை கல்பேசுவரத்திலும் வெளிப்பட்டன என்றும் புராணம் கூறும். கோயில் இருப்பது ஏறத்தாழ 3,680 மீட்டர் உயரத்தில். சிவாலயங்களுள் மிக உயரத்தில் அமைந்தவற்றுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. அதற்கும் மேலே ஒன்றரைக் கிலோமீட்டர் ஏறினால் சந்திரசிலை என்னும் சிகரம். சந்திரன் தவம் இயற்றிய இடம் என்றும், இராவண வதத்திற்குப் பின் இராமபிரான் தியானத்தில் அமர்ந்த இடம் என்றும் சொல்வர். வானம் தெளிந்திருந்தால் நந்தாதேவி, திரிசூல், சௌகம்பா, கேதார சிகரம் ஆகியவை அங்கிருந்து வரிசையாகத் தோன்றும்.

இத்தலத்திற்குச் செல்பவர் முதலில் அறிய வேண்டியது, ஆலயத்தின் நாட்காட்டியைப் பனியே எழுதுகிறது என்பதை. நம் சித்திரைப் புத்தாண்டையொட்டி வரும் வைசாகி நன்னாளில் நடை திறக்கும் நாளைக் குறிக்கின்றனர். விஜயதசமியன்று நடை சாத்தும் நாளைக் குறிக்கின்றனர். பெரும்பாலும் ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ திறந்து, நவம்பர் தொடக்கத்தில் சாத்துவர். அதன்பின் உற்சவ மூர்த்தி பல்லக்கில் இறங்கி, கீழே மக்குமடம் என்னும் சிற்றூரில் குளிர்காலம் முழுவதும் எழுந்தருளியிருப்பார். மக்கு ஊரைச் சேர்ந்த அந்தணர்களே வழிவழியாகப் பூசை செய்து வருகின்றனர். வெயில் காலம் வந்ததும் மேளதாளத்துடன் மீண்டும் மலையேறுவார். ஆறு மாதம் மேலே, ஆறு மாதம் கீழே. பனியை எதிர்த்து நிற்பதை அம்மக்கள் பக்தியாகக் கொள்ளவில்லை. காலமறிந்து இறைவனையே இறக்கி அழைத்து வருகின்றனர்.

மாதங்களைச் சற்று விரித்துரைக்கிறேன். டிசம்பர் முதல் மார்ச் வரை மலை பனிக்குள் மூழ்கியிருக்கும். அடிவாரமாகிய சோப்டாவுக்குச் செல்லும் சாலையே சில நாட்கள் அடைபட்டுவிடும். வழிகாட்டியுடன் இளைஞர் ஏறுவதுண்டு. முதியோருக்கு அது உகந்ததன்று. மார்ச், ஏப்ரல் மாதங்களில் புராஞ்சு மரங்கள் செக்கச்செவேலெனப் பூத்து மலைச்சரிவு முழுவதும் தீப்பற்றியதுபோல் காணப்படும். ஆனால் பாதையின் மேற்பகுதியில் பழைய பனி கிடக்கும். மே மாதத்தில் வெயில் படும் இடங்கள் உலர்ந்துவிட, நிழல் விழும் வளைவுகளில் மட்டும் பனி தங்கும். ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மழை. அப்போது மலைச்சரிவுகள் சாலையை மறிக்கும். 2013-ஆம் ஆண்டு ஜூன் 16, 17 தேதிகளில் பெருமழையும், கேதாரத்திற்கு மேலிருந்த சோராபாரி ஏரியின் உடைப்பும் சேர்ந்து ராம்பாடா என்னும் ஊரையே அழித்ததை நாம் மறக்கலாகாது. செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் முடிய வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். குளிர் மிகுதி, எனினும் பாதை உலர்ந்திருக்கும்.

எங்கள் பயணத்திற்குக் காரணமாயிருந்தவர் என் அண்ணியார். அண்ணன் எழுபதைக் கடந்தவர். எங்கள் ஊர்ச் சூளையொன்றில் நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவர் கையால் செய்து தந்த பீங்கான் உண்டியலில், துங்கநாதருக்கென்று அண்ணியார் பல ஆண்டுகளாக நாணயங்களைச் சேர்த்து வந்தார். போகும் காலம் வருமுன்னரே அவர் சிவபதம் அடைந்துவிட்டார். ஓராண்டு கழிந்தபின் அண்ணன் அந்த உண்டியலை உடைத்து, காசுகளை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு, “தம்பி, இதை நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், நீயும் வா” என்றார். ஆழத்துப் பிள்ளையார் சந்நிதிக்குப் படியிறங்கி வணங்கிவிட்டுப் புறப்பட்டோம். அண்ணனும் நானும் என் மனைவியுமாக மூவர்.

நடை திறந்த சில நாட்களில், மே மாதத் தொடக்கத்தில் சோப்டாவை அடைந்தோம். அங்கிருந்து கோயிலுக்கு நாலு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவே. கல் பாவிய பாதை. அவ்வாண்டு ஏப்ரல் கடைசியிலும் பனி பொழிந்திருந்தது. பாதி வழி வரை இடையூறில்லை. அதற்கு மேல் ஒரு வளைவில், முப்பது அடி அகலத்திற்குப் பழம்பனி பாதையை மூடிச் சரிவில் வழிந்து கிடந்தது. பகலில் உருகும் பனி இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடிபோல் இறுகிவிடும் என்பதை அங்கேதான் நேரில் கண்டேன். மேலே வெண்மையாக, மென்மையாகத் தோன்றும். காலை வைத்தால் பிடிமானம் இராது. மட்டக்குதிரைக்காரர்கள் அவ்விடத்தோடு நின்றுவிட்டனர். இளைஞர் சிலர் காலணியில் இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டு கடந்து சென்றனர்.

அண்ணனுக்கு முதல்நாள் இரவு முதலே தலைவலி. இப்போது நாலடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கோயிலின் மணியோசை மேலிருந்து கேட்டது. “அந்த முடிச்சைக் கொடுங்கள் அண்ணா, நான் மெல்லக் கடந்துபோய்ச் செலுத்தி வருகிறேன்” என்றேன். அவர் முடிச்சை மார்போடு அணைத்துக்கொண்டு பனியைச் சிறிது நேரம் பார்த்திருந்தார். பிறகு, “வேண்டாம் தம்பி. ஈரம் காயாத சரக்கைச் சூளையில் வைத்து ஒரேயடியாகத் தீயை ஏற்றினால் வெடித்துவிடும். முதலில் இளந்தீ, பிறகுதான் பெருந்தீ. என் உடம்பு இன்னும் இந்த மலைக்குப் பக்குவப்படவில்லை. அவள் காசை நானே போடுவேன், இப்போது இறங்குவோம்” என்றார். அழுகையோ கோபமோ அவர் குரலில் இல்லை. கோபுரம் இருக்கும் திசையை நோக்கி அங்கேயே கைகூப்பினார். மூவரும் இறங்கினோம். ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்திலுள்ள உகீமடத்தை அடைந்த இரவே அவருடைய தலைவலி விட்டது.

மறுநாள் மக்குமடத்திற்குச் சென்றோம். மூர்த்தி மலைக்கு எழுந்தருளிவிட்டபடியால் குளிர்கால இருக்கை வெறுமையாயிருந்தது. அண்ணன் அதன் எதிரில் நெடுநேரம் நின்றார். ஊர் திரும்பியதும் முடிச்சைப் பூசையறையில் வைத்து, நாள்தோறும் விளக்கேற்றி வந்தார். காலையில் மணிமுத்தாற்றங்கரையில் நடக்கும் தொலைவை மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டினார். இதய மருத்துவரிடம் சோதித்துக்கொண்டு, அவர் இசைவு தந்த பின்னரே அக்டோபர் மாதத்திற்குப் பயணச்சீட்டு எடுத்தோம்.

இரண்டாம் முறை அண்ணனின் சூளைக் கணக்குப்படியே சென்றோம். ரிஷிகேசத்தில் ஓர் இரவு, உகீமடத்தில் இரண்டு இரவுகள், சோப்டாவில் இரண்டு இரவுகள். சோப்டாவின் உயரம் ஏறத்தாழ 2,700 மீட்டர். இடைப்பட்ட பகலில் பாதையில் சிறிது தூரம் ஏறி, இறங்கி வந்து கீழேயே உறங்கினோம். கோயில் உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். அதற்கேற்ப உடல் தன்னை மாற்றிக்கொள்ள நாட்கள் வேண்டும். மே மாதத்தில் பனி மூடியிருந்த அதே வளைவில் அப்போது புல் பழுத்து மஞ்சளாயிருந்தது. முன்பு எங்களை நிறுத்தியது எந்த இடம் என்று சொல்வதே அரிதாயிருந்தது. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, அடிக்கடி அமர்ந்து, பதினொரு மணிக்குச் சந்நிதியை அடைந்தோம். அண்ணன் முடிச்சை அவிழ்த்து, காசுகளை ஒவ்வொன்றாக உண்டியலில் இட்டார். பின்னால் நின்றவர்களும் பொறுமையாகக் காத்திருந்தனர். சந்திரசிலைக்கு நான் மட்டும் ஏறி வந்தேன். “எனக்கு வந்த வேலை முடிந்தது” என்று கூறி, அண்ணன் கோயில் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்:

முதியோருக்கு ஏற்ற காலம் அக்டோபர். அடுத்தது மே பிற்பகுதியும் ஜூன் முதல் வாரமும். பனி கிடக்கும் காலமாயின் விடியுமுன் ஏறலாகாது; பாதையில் வெயில் பட்டு உறைபனி சற்று இளகிய பின் புறப்படுவதே நலம். பிற்பகலில் மேகம் கவியும். அதற்குள் இறங்கிவிட வேண்டும்.

பருத்தி உள்ளாடை வியர்வையில் நனைந்தால் உடலைக் குளிரச் செய்யும். கம்பளி உடையே ஏற்றது. நுனியில் இரும்புப் பூண் போட்ட ஊன்றுகோலும், பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியும் தேவை. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உடையோர் மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் மருந்து குளிரில் உறைந்தால் பயன்படாது. அதை உடலை ஒட்டியே வைத்திருத்தல் வேண்டும்.

தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், ஓய்விலும் தீராத மூச்சிரைப்பு ஆகியவை மலையுயரத்தால் வரும் நோயின் குறிகள். அவை தோன்றினால் மேலே ஓரடியும் வைக்காமல் கீழே இறங்குவதே முதல் மருந்து. திரும்பி வருவதற்கென்று கையில் இரண்டு நாட்களை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். நாள் நெருக்கடியில்தான் பலரும் உடலின் குறிகளைப் புறக்கணிக்கின்றனர்.

முழங்கால் இடந்தராதவர் மனம் தளர வேண்டுவதில்லை. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் வடநாட்டுக் கேதாரத்தைக் காளத்தியில் இருந்தபடியே பாடினர் என்று பெரியபுராணம் உரைக்கும். கயிலைக்கு நடந்து, கால் தேய்ந்து, உடல் தேய்ந்து கிடந்த அப்பர் பெருமானையும் இறைவன் மேலே ஏறி வரச் சொல்லவில்லை. வடக்கே பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச் செய்து, அங்கே கயிலைக் காட்சியை அருளினார். எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் சுந்தரர் இட்ட பன்னீராயிரம் பொன்னும் திருவாரூர்க் கமலாலயத்தில் கிடைத்ததன்றோ! ஓரூரில் செலுத்தி வேறோர் ஊரில் பெறும் அந்த ஏற்பாட்டை எண்ணி, வங்கியில் இருந்த காலத்தில் நான் பலமுறை வியந்ததுண்டு. அண்ணியார் இவ்வூர்ப் பூசையறையில் இட்ட ஒவ்வொரு காசும் இட்ட அன்றே இமயத்தில் வரவு வைக்கப்பட்டிருக்கும் என்றே அண்ணன் நம்புகிறார், நானும் நம்புகிறேன்.

போகக்கூடியவர்கள் காலமறிந்து போய் வாருங்கள். இயலாதவர்கள் கார்த்திகைக்குப் பின் ஒரு மாலைப் பொழுதில், நடை சாத்திய அந்த மலையில் பனி பெய்துகொண்டிருப்பதை மனத்தில் இருத்தி, வீட்டு விளக்கின் முன் ஒரு பதிகம் ஓதுங்கள். துங்கநாதர் அப்போது மலையை விட்டுத் தம் மக்களோடு கீழே வந்திருப்பார்.