இருபத்தைந்து அடி

ஆங் மோ கியோவில் நான் குடியேறியது 1979ஆம் ஆண்டில். நகரமே அப்போது இளங்கன்றாக இருந்தது. 1973இல் தொடங்கிய கட்டட வேலை இன்னும் ஓயவில்லை. புதிதாக நட்ட மரங்கள், கோலூன்றிய கிழவர்களைப்போல் ஆளுக்கொரு கழியில் சாய்ந்து நின்றன. இன்று அவற்றுள் மூன்று தூங்குமூஞ்சி மரங்கள் என் நான்காம் மாடிச் சமையலறைச் சன்னலுக்கு மேலே கிளை பரப்பியிருக்கின்றன. அம்மரங்களின் கீழே ஒரு புல்வெளி. அந்தப் புல்லை வெட்ட வரும் ஒருவர், தம் ஊரில் ஒரு சிறு டிராக்டர் வாங்க முற்பட்ட செய்தியைத்தான் எழுத எண்ணுகிறேன்.

டிராக்டர் என்னும் சொல்லைக் கண்டு என்னோடு பணியாற்றிய தமிழாசிரியர்கள் முகம் சுளிக்க வேண்டா. உழுவுந்து என்றும் இழுவை இயந்திரம் என்றும் வகுப்பறையில் நானும் சொல்லிப் பார்த்தவன்தான். உழுகிற மக்கள் டிராக்டர் என்கிறார்கள். அவர்களுக்குப் போதுமான சொல் எனக்கும் போதும்.

சிங்கப்பூரில் புல்லுக்கு ஓய்வு காலம் இல்லை. கோடையில் காய்வதும் இல்லை. குளிரில் உறங்குவதும் இல்லை. ஆயினும் இந்தப் பசுமை தானாக வந்ததன்று. லீ குவான் இயூ 2000இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பில் இதைச் சொல்லியிருக்கிறார். நியூசிலாந்து வல்லுநர்கள் வந்து பார்த்து, இங்கே பெய்யும் மழை மண்ணின் சத்தைக் கழுவிக்கொண்டு போகிறது, மண்ணும் அமிலத்தன்மை மிக்கது, மக்கிய உரமும் சுண்ணாம்பும் இட்டால்தான் புல் செழிக்கும் என்றார்களாம். உரமிட்டதும் புல் வளர்ந்தது. வளர்ந்த புல்லை வெட்ட ஆள் வேண்டுமே! என் தந்தையார் பழைய நகராண்மைக் கழகத்தில் புல்வெட்டும் தொழிலாளியாக இருந்தவர். நீண்ட பிடியில் வளைந்த கத்தி. அதை இடுப்பைத் திருப்பி வீசுவார். வீட்டுக்கு வந்தால் இடப்பக்கமாகவே படுப்பார். வலப்பக்கம் படுக்க முடியாது என்பதை அம்மா எங்களுக்குச் சொன்னதே அவர் ஓய்வு பெற்ற பிறகுதான்.

நகர மன்றம் என்னும் அமைப்பு 1986இல் முதன்முதலாகச் சோதனை முறையில் தொடங்கப்பட்டது எங்கள் ஆங் மோ கியோவில்தான். வட்டாரப் பராமரிப்பு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமிருந்து நகர மன்றங்களின் கைக்கு மாறியது. கத்தி போய்த் தோளில் மாட்டும் இயந்திரம் வந்தது. எண்ணெய் ஊற்றினால் எடை பத்துக் கிலோவை நெருங்கும். வெட்டுகிறவர் முகத்திரை அணிந்து முன்னே செல்ல, தெறிக்கும் கல் வழிப்போக்கர்மேல் படாதவாறு மற்றொருவர் வலைத்தடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்வார்.

அவ்வாறு வெட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் என்னைக் கண்டு இயந்திரத்தை நிறுத்தினார். "போங்கய்யா, கல்லு தெறிக்கும்" என்றார். குரலைக் கேட்டதும் எந்த ஊர் என்று கேட்டேன். பேராவூரணிக்குப் பக்கம் என்றார். மூன்று ஏக்கர் தென்னை. கல்லணைக் கால்வாயின் கிளை வாய்க்கால் ஒன்று தோப்பின் ஓரமாகப் போகிறது. மனைவி, ஒரு மகள், வயதான தந்தை. புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் பத்து நிமிடங்களில் இவ்வளவும் தெரிந்துகொண்டேன். அது 2017ஆம் ஆண்டு.

அடுத்த ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னைகள் வரிசை வரிசையாய்ச் சாய்ந்தன. இவருடைய இருநூறு மரங்களில் நின்றவை பதினேழு. ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "போய் என்ன பண்றதுங்கய்யா? விழுந்தத நிமித்தவா முடியும்? இங்க இருந்தா கன்னு வாங்கப் பணமாவது அனுப்பலாம்" என்றார். கன்றுகளை அவருடைய மனைவி நட்டார்.

பின்னர் 2020 வந்தது. ஏப்ரல் தொடங்கி இரண்டு மாதம் நாடே வீட்டுக்குள் இருந்தது. ஊழியர்கள் விடுதிகளை விட்டு வெளிவர இயலாத நிலை. வெட்டுவாரின்றி என் சன்னலுக்குக் கீழே புல் முழங்கால் அளவு வளர்ந்தது. அதுவரை நான் கண்டிராத மஞ்சள் பூக்கள் பூத்தன. வண்ணத்துப் பூச்சிகள் வந்தன. சின்னஞ்சிறு குருவிகள் புல் விதையைக் கொத்தின. அதை அழகு என்று பலர் பாராட்டினார்கள். கொசு வரும், பாம்பு வரும் என்று சிலர் குறை சொன்னார்கள். நான் பாராட்டவும் இல்லை, குறை கூறவும் இல்லை. அந்த மனிதர் எப்படி இருக்கிறாரோ என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். ஆகஸ்டு மாதக் காலை ஒன்றில் பழைய இயந்திர ஒலி கேட்டது. அவர்தாம்! சன்னலிலிருந்து கையசைத்தேன். அவர் முகத்திரையைத் தூக்கிச் சிரித்தார்.

டிராக்டர் பேச்சு எழுந்தது 2023இல். தோப்பில் கன்றுகள் ஆளுயரம் தாண்டிவிட்டன. இடையில் களை மண்டுகிறது. கூலியாள் கிடைப்பதில்லை, வாடகை டிராக்டர் கேட்ட நாளில் வருவதில்லை. ஆறாண்டுச் சேமிப்பு இருக்கிறது. எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டார். நான் படித்தவன் அல்லவா! படித்தவனிடம் எதையும் கேட்கலாம் என்பது நம்மவர் நம்பிக்கை.

நானும் தயங்காமல் சொன்னேன்: வாங்குவதானால் பெரியதாக வாங்குங்கள், நாற்பத்தைந்து, ஐம்பது குதிரைத்திறன் உள்ளதை வாங்கினால் ஒன்பது கொத்துக் கலப்பை இழுக்கும், பெட்டி மாட்டி நெல்லும் மணலும் ஏற்றலாம், அக்கம்பக்கத்துக்கு வாடகைக்கு விடலாம். ஊரில் அவருடைய உறவினர்களும் இதையே சொல்லியிருந்தார்கள். விற்பனையாளர் ஒருவர், முன்பணம் கட்டினால் மீதிக்குக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி நாள்தோறும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார். முன்பணமே அந்த ஆறாண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும். மேலும் ஐந்தாண்டு தவணை. அந்த ஐந்தாண்டும் அவர் இங்கே புல் வெட்ட வேண்டும். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. எண்ணிப் பார்க்குந்தோறும் இன்றும் நாணுகிறேன்.

என்னைத் திருத்தியவன் கனடாவில் இருக்கும் என் அக்காள் மகன். ஒண்டாரியோவில் சில ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருப்பவன். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "மாமா, என்னிடமே சின்ன டிராக்டர்தானே இருக்கிறது?" என்றான். கோடையில் வயிற்றுக்கடியில் வெட்டுத்தட்டைப் பொருத்திப் புல் வெட்டுகிறானாம். மழைக்கரைத்த பாதைக்கு முன்வாளியால் சரளை போடுகிறானாம். குளிர்காலத்தில் அதே வண்டியில் பனியை அள்ளி வீசும் கருவியை மாட்டி வாசற்பாதையைத் திறக்கிறானாம். பனியைக் கண்ணால் கண்டிராத எனக்கு, புல்லும் பனியும் ஒரே வண்டிக்கு வேலையாவது வியப்பாக இருந்தது. அவன் சொன்னதில் ஒன்று நெஞ்சில் தைத்தது. "முதல் வண்டியைக் கடையில் பார்த்து வாங்கினேன், இழப்புக்கு விற்றேன். இரண்டாவதை என் நிலத்தை நடந்து பார்த்துவிட்டு வாங்கினேன்."

அதன்பின் நான் ஆங் மோ கியோ நூலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தேன். புல்வெட்டும் பொறியை 1830இல் கண்டவர் எட்வின் பட்டிங் என்னும் ஆங்கிலேயர். துணி ஆலையில் நெய்த துணியின் மயிர் சீவும் இயந்திரத்தைப் பார்த்து அந்த எண்ணம் தோன்றியதாம். டிராக்டரின் பின்னால் கருவிகளைத் தாங்கும் மும்முனை இணைப்பைப் பரப்பியவர் ஹாரி ஃபெர்குசன். அதற்குமுன் கலப்பை கல்லில் சிக்கினால் வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓட்டுபவர் மேலேயே கவிழ்வதுண்டு. அவருடைய பெயரின் பாதியைத் தாங்கிய மாஸ்ஸி ஃபெர்குசன் வண்டிகளைத்தான் 1960இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம் தமிழகத்து வயல்களுக்குக் கொண்டுவந்தது. சிறு டிராக்டரின் கதை வேறு. அது ஜப்பானியரின் சிறு நெல்வயல்களில் வளர்ந்த பிள்ளை. குபோட்டா நிறுவனம் 21 குதிரைத்திறன் வண்டியை 1969இல் அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, அங்கே பெரிய பண்ணைகளுக்கு அது விளையாட்டுச் சாமானாகத் தோன்றியிருக்கும். தோட்டமும் புல்வெளியும் உடையவர்கள்தாம் அதன் அருமையை அறிந்தார்கள். சேற்றில் பிறந்த வண்டி பனியில் வேலை செய்யப் போன வழி இதுதான்.

அடுத்த முறை அவர் வந்தபோது, உங்கள் தோப்பில் மரத்துக்கு மரம் எவ்வளவு தொலைவு என்று கேட்டேன். இருபத்தைந்து அடி என்றார். அந்த முறையில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ எழுபது கன்று. அவர் வெட்டுகருவியை ஒரு மரத்தடியில் வைத்தார். அங்கிருந்து அடிமேல் அடி வைத்து அளந்து, இருபத்தைந்தாவது அடியில் தம் தொப்பியைக் கழற்றி வைத்தார். மரத்தடியைச் சுற்றி ஆறடி வட்டத்தில் எந்த இயந்திரமும் புகக்கூடாது. தென்னையின் வேர் பெரும்பாலும் அங்கேயே மேலாகப் படர்ந்திருக்கும். இருபுறமும் ஆறாறு போனால் மீதி பதின்மூன்று. பெரிய வண்டியின் அகலம் ஆறடி. எடை இரண்டு டன்னை ஒட்டும். மழை பெய்த மண்ணில் அது ஏறி இறங்கினால் தரை இறுகிப்போகும். மேற்கூரையோ தாழ்ந்த மட்டைகளை ஒடிக்கும். வரிசை முடிவில் திரும்பவும் இடம் போதாது. 24 குதிரைத்திறன் சிறு வண்டியின் அகலம் நான்கடிக்கும் குறைவு. எடை 650 கிலோ அளவு. நான்கடி வெட்டுகருவியை மாட்டினால் மூன்று நான்கு நடையில் ஒரு வரிசை முடியும். பின்னிருந்து கருவிக்கு விசை தரும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுவது சிறிதுக்கும் பெரிதுக்கும் பொதுதான். ஆழ உழ வேண்டிய நாளில் வேளாண் பொறியியல் துறையின் வாடகை வண்டி இருக்கிறது. ஆண்டில் இரண்டு நாள் வேலைக்காகப் பெரிய வண்டியை ஆண்டு முழுதும் கட்டித் தீனி போடுவானேன்?

"உழவே வேண்டாமய்யா. இங்க மாதிரி வெட்டிப் போட்டா புல்லு அங்கேயே மூடாக்கா கெடக்கும், ஈரம் நிக்கும்" என்றார் அவர். ஆங் மோ கியோவில் ஆறாண்டு புல் வெட்டியவர் சொன்னது. என் நூலக வாரத்தில் கிடைக்காதது.

அப்போதுதான் இன்னொன்றும் வெளிப்பட்டது. யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டேன். நான் எதிர்பார்த்த விடை 'நான்தான்' என்பது. அவர், "வீட்டுக்காரம்மாதான்" என்றார். ஒப்பந்தம் இன்னும் இரண்டாண்டு இருந்தது. மகள் படிப்பு வேறு. அதுவரை நாங்கள் போட்ட கணக்கில் ஓட்டுபவருக்கு இடமே இல்லை! அவருடைய மனைவி வி.எஸ்.டி., மகிந்திரா, குபோட்டா என்று மூன்று வண்டிகளின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. கால் கிளட்சை முழுதும் அமுக்க எட்டுகிறதா, திரும்பிப் பார்த்தால் பின் கருவி தெரிகிறதா, பழுதானால் வந்து பார்க்க மெக்கானிக் எத்தனை மைலில் இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு கடையில் ஊழியர்கள் சிரித்தார்களாம். அந்த அம்மையார் இறங்கி அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

வாய்க்கால் கரைதான் கடைசிச் சிக்கல். அவருடைய சிற்றப்பா அத்தகைய கரை ஒன்றில் குறுக்காக ஓட்டி வண்டி கவிழ்ந்து இறந்தவர். அதனால் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கவிழ்தடுப்பு வளைவும் இடுப்புப் பட்டையும் உள்ள வண்டியே வேண்டும் என்பதில் அவர் அசையவில்லை. வளைவு இருந்தும் பட்டை கட்டாவிட்டால் பயனில்லை என்று நான் படித்ததையும் சேர்த்துச் சொன்னேன். கரையில் வண்டியே ஏறக்கூடாது, அங்கே கைவெட்டுதான் என்று மனைவிக்கு அவர் கட்டளையே போட்டுவிட்டார். "நான் இங்க முதுகுல சுமக்கறத ஒண்ணு அனுப்பிர்றேன். கரைக்கு அது போதும்."

2024 பொங்கலுக்கு முன் வண்டி வந்தது. எந்த நிறுவனத்தது என்று எழுதினால் விளம்பரமாகிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் 24 குதிரைத்திறன் வண்டி, கடன் இல்லாமல் வாங்கியது, அவ்வளவு போதும்.

சென்ற மாதம் புல் வெட்ட வந்தவர் என்னைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திக் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். தென்னை வரிசைகளுக்கு நடுவே வண்டி வந்துகொண்டிருந்தது. தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மையார், பின்னால் திரும்பிப் பார்த்தவாறே ஓட்டுகிறார். இடுப்பில் பட்டை தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"இருக்க வெயில்ல கொதிக்குதாம். சாக்கு போட்டுக்கிறாளாம். கன்னோரம் மட்டும் மண்வெட்டிதான், அது தீராதுங்கறா."

"இங்கேயும் மரத்தோரம் கையால்தானே?"

"ஆமாங்கய்யா. பட்டையில பட்டுருச்சுன்னா மரம் கெட்டுரும்."

கைப்பேசியைப் பையில் போட்டு, முகத்திரையை இறக்கி, இயந்திரத்தைத் தோளில் ஏற்றினார். வலப்பக்கத் தோளில்தான் ஏற்றினார். வலைத்தடுப்பைப் பிடித்திருந்த இளைஞர் என்னை விலகிப் போகும்படி கைகாட்டினார்.