சாங்கியில் ஒரு பகல்

திருச்சியிலிருந்து மெல்பர்ன் போகும் வழியில், சிங்கப்பூரில் 9 மணி நேரக் காத்திருப்பு. மகளின் பிரசவத்துக்காகத் தனியாகக் கிளம்பிய அந்த அம்மாவுக்கு 62 வயது. "இடத்தை விட்டு நகராதேம்மா" என்று மகள் பலமுறை சொல்லியிருந்தாள்.

ஒரு மணி நேரம், கைப்பையை மடியில் வைத்தபடி அப்படியே இருந்தார். கால் மரத்தது. சமையலும் துவையலும் இல்லாத ஒரு பகல் அவருக்குக் கடைசியாக எப்போது வாய்த்தது? மெல்பர்னில் இறங்கினால் பத்தியச் சமையல். எழுந்துவிட்டார்.

கைக்கடிகாரத்தை மட்டும் முதலில் இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார். செல்போன் தானாக மாறிக்கொள்ளும், கடிகாரம் மாறாது.

ஜூவல் வளாகத்தில் 40 மீட்டர் அருவி இருக்கிறது. பக்கத்தில் போய்ப் பார்க்க இமிக்ரேஷனைத் தாண்ட வேண்டும். அவரிடம் சிங்கப்பூர் விசா இல்லை. ஆனால் 2-ஆம், 3-ஆம் டெர்மினல்களுக்கு இடையே ஓடும் இலவச ஸ்கைட்ரெயின் ஜூவலுக்குள் புகுந்துதான் போகிறது. கண்ணாடி ஓரம் நின்றால் சில நொடிகள் அருவி தெரியும். நான்கு தடவை போய்வந்தார். குற்றாலம் பார்த்தே வருஷக்கணக்காகிவிட்டதே, பாவம்!

பிறகு 3-ஆம் டெர்மினலின் பட்டாம்பூச்சித் தோட்டம். அதற்கும் கட்டணமில்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒன்று வந்து முந்தானையில் அமர்ந்தது. மூச்சைக்கூட மெதுவாக விட்டார். அந்த நேரம் பார்த்து மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

"எங்கேயும் நகரலையேம்மா?"

"நகரலைடி" என்றார், குரலைத் தாழ்த்தி.