சிப்பியின் ருசி

புதுச்சேரியிலிருந்து போய்ப் பாரிஸில் குடியேறிவிட்ட நண்பர் ஒருவரின் சாப்பாட்டு மேஜையில் நான் அசடு வழிந்ததைச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. நான்கு புட்டிகளைத் துணி சுற்றி மறைத்து வைத்திருந்தார். எல்லாம் வெள்ளை ஒயின். ஒவ்வொன்றாக ஊற்றி, எந்த ஊர் என்று சொல்லச் சொன்னார். மூன்றாவது கோப்பையை முகர்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எலுமிச்சை, நனைந்த கல், கடலோரத்து உப்பு. ஷாப்லி என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஷாப்லியின் மண் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடலின் தரை என்பதையும், அந்தச் சுண்ணாம்புக் களியில் கால்புள்ளி வடிவச் சின்னஞ்சிறு சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன என்பதையும், வேர் அவற்றைத் தொட்டுத்தான் இந்த ருசியை மேலே கொண்டுவருகிறது என்பதையும் ஒரு பிரசங்கமாகவே செய்தேன். ஏழெட்டு வருஷம் புத்தகங்களில் படித்ததெல்லாம் அன்று வெளியே வந்தது.

நண்பர் துணியை அவிழ்த்தார். முஸ்கதே. லுவார் நதி அட்லாண்டிக்கில் கலக்கும் பக்கம், நான்த் நகரைச் சுற்றி விளைவது. அங்கே தரைக்கடியில் இருப்பவை பெரும்பாலும் கிரானைட், நைஸ் போன்ற பழம்பாறைகள். சிப்பி வேண்டுமானால் மீன் சந்தைக்குத்தான் போக வேண்டும்.

"நீங்க சொன்னது எந்தச் சிப்பி?" என்று மட்டும் கேட்டார்.

தவறாகச் சொன்னது பற்றி எனக்கு வருத்தமில்லை. தேர்ந்தவர்களும் தவறுகிறார்கள். வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் மட்டும் கலந்து 54 ஒயினியல் மாணவர்களிடம் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள் என்று பொர்தோவில் செய்த பரிசோதனை ஒன்று 2001-ல் வெளியாகியிருக்கிறது. என்னைத் தொந்தரவு செய்தது வேறு. நான் பொய் சொல்லவில்லை. அந்தச் சிப்பி என் நாக்கில் இருந்தது. சொல் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டு, ருசியை உள்ளே அழைத்திருக்கிறது. கவிதையைப் படிக்கும் முன் கவிஞனின் பெயரைப் படித்துவிட்டு ரசிப்பவர்களை நான் பல வருஷங்களாகக் கேலி செய்து எழுதி வந்திருக்கிறேன். அந்தக் கட்டுரைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

இதிலிருந்து, ஊராவது மண்ணாவது, எல்லாம் வியாபாரிகளின் புளுகு என்ற முடிவுக்கு வந்துவிடுவது சுலபம். அதுவும் சோம்பேறித்தனம்தான். என் நாக்கு ஏதோ ஒன்றைச் சரியாகவே பிடித்திருந்தது. பெயரிட்டதில்தான் பிசகு. ஷாப்லியின் ஷார்தொனேயும் முஸ்கதேயின் மெலோனும் ஒரே பெற்றோருக்குப் பிறந்த திராட்சைகள் என்று மரபணுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இரண்டுமே குளிர்ந்த இடத்தில் பழுப்பவை. பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலம் வெயில் ஏறிய ஊர்களில் பழத்துக்குள்ளேயே எரிந்து குறைந்துவிடுகிறது; குளிரில் தங்குகிறது. இரண்டிலும் பெரும்பாலும் புது ஓக் பீப்பாயின் வாசனை ஏறுவதில்லை. நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே மெர்சோ கிராமத்தில் அதே ஷார்தொனே, பீப்பாய்க்குள் போய், வெண்ணெயும் கொட்டைப் பருப்புமாக வெளியே வருகிறது. ஆக நான் கல் என்று அழைத்தது குளிரையும் புளிப்பையும், பீப்பாய் இல்லாமையையும்.

2022 வசந்தத்தில் நண்பர் என்னை ஷாப்லிக்கே கூட்டிப் போனார். ஸெரேன் நதிக்கு வலக்கரையில், தென்மேற்கு பார்த்த சரிவில், மிக உயர்ந்த தரத்தின் ஏழு பிரிவுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. வயதான ஒரு விவசாயி சிப்பிக் கல் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை. பாறையின் கனிமங்களை நாம் கோப்பையில் ருசிப்பதில்லை என்று புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் விரிவாக எழுதியிருப்பதைப் பிறகு படித்தேன். மண் செய்யும் வேலை வேறு: தண்ணீரை எவ்வளவு வடியவிடுவது, எவ்வளவு வைத்துக்கொள்வது. சரிவு, வெயிலை எந்தக் கோணத்தில் வாங்குவது என்று தீர்மானிக்கிறது.

கிழவர் கல்லைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஏப்ரல் இரவுகளைப் பற்றிப் பேசினார். முந்தைய வருஷம் உறைபனி, விரிந்த மொட்டுகளைக் கருக்கியதைச் சொன்னார். வரிசைகளுக்கிடையே மெழுகுத் தீபங்கள் ஏற்றுகிறார்கள். சில இடங்களில் மொட்டின் மேல் தண்ணீரைத் தெளித்து உறையவிடுகிறார்கள். உறையும் நீர் வெளிவிடும் வெப்பம் மொட்டைக் காக்கிறது. "கல் எங்கேயும் போகாது, ராத்திரிக்குத்தான் பயம்" என்று அவர் சொன்னதை நண்பர் எனக்கு மொழிபெயர்த்தார்.

நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன் நான். நிலத்தை வைத்துக்கொண்டு பொழுதைத் தொலைத்திருக்கிறேன் என்பது அந்தச் சரிவில் நின்றபோதுதான் உறைத்தது. நிலத்தைக் கையில் எடுத்துக் காட்டலாம், வரைபடத்தில் கோடு போடலாம், லேபிளில் அச்சடிக்கலாம். பொழுதை அப்படிச் செய்ய முடியாது. அது மாறிக்கொண்டும் இருக்கிறது. பர்கண்டியின் போன் நகரில் 1354 முதல் 2018 வரையிலான அறுவடைத் தேதிகளைத் தொகுத்து 2019-ல் வெளியிட்டார்கள். 1988-க்குப் பிறகு அறுவடை, முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிட 13 நாள் முன்னால் வந்திருக்கிறது.

பாரிஸ் திரும்பிய இரவு நண்பர் மறுபடி ஒரு புட்டியைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார். இந்தத் தடவை நான் எச்சரிக்கையாக இருந்தேன். பழுத்த பீச், கொஞ்சம் தேன், புளிப்பு குறைவு. வெயில் உள்ள இடம், தெற்கே எங்கேயோ, என்று மட்டும் சொன்னேன். அவர் துணியை அவிழ்த்தார். ஷாப்லி. வெயில் கொளுத்திய 2018-ஆம் வருஷத்தது.

இருவரும் சிரித்தோம். பிறகு வெகுநேரம் பேசவில்லை. சிப்பிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. லேபிளில் பெயரும் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டால் என் நாக்கில் இனி எது வர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.