நாய் குறுக்க வரேல்லை

எங்கட ஒழுங்கை முடக்கில் இருக்கிற வீட்டு நாய்க்குப் பெயர் ஜிம்மி. மோட்டார் சைக்கிளைக் கண்டால் கலைக்கும். ஆனால் ஒருநாளும் குறுக்கே பாய்ந்து ஒருத்தரையும் விழுத்தினதில்லை. இதை நான் எழுத்தில் சொல்லவேண்டி இருக்கிறது. ஏனென்றால் போன வருசம் பதினாறு நாட்கள் அந்த நாய் என்னால் சங்கிலியில் கிடந்தது.

நடந்தது இதுதான்.

தங்கச்சியின் உயர்தரப் பரீட்சைக்கு ஏழு கிழமை இருந்தது. தின்னவேலியில் பின்னேர ரியூசன் முடிய அவளை ஏற்றிக்கொண்டு வருவது என்ர வேலை. அன்றைக்கு நான் வெள்ளனவே போய்விட்டேன். பைக்கை மதிலோரம் விட்டு, முன்சில்லில் டிஸ்க் லொக்கைப் போட்டுவிட்டு, எதிர்க்கடையில் ஒரு பிளேன்ரீ குடித்தேன். வகுப்பு விடுகிற நேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டா. அம்மம்மாவின் குளிசை முடிந்துவிட்டதாம், பாமசி பூட்ட முதல் வாங்கிக்கொண்டு வரட்டாம். போனில் "ஓமம்மா, ஓமம்மா" சொல்லிக்கொண்டிருக்கும்போதே தங்கச்சி ஓடிவந்து பின்னால் ஏறிவிட்டாள்.

"கெதியா எடு அண்ணா, நனையப்போறம்."

போனைப் பொக்கற்றுக்குள் வைத்தேன். ஹெல்மெற்றைப் போட்டேன். ஸ்ராண்டைத் தட்டினேன். ஸ்ராட் பண்ணி, கியரைப் போட்டு, கிளச்சை விட்டேன். பைக் நல்லபிள்ளை மாதிரி ஒன்றரை முழம் நகர்ந்தது. பிறகு இரும்பில் இரும்பு அடிக்கிற ஒரு சத்தம். முன்சில்லு அப்படியே இறுகிவிட்டது. பைக் இடப்பக்கம் சரிந்தது. நான் ஹான்டிலைப் பிடித்தபடியே விழுந்தேன். தங்கச்சிக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. வலது கையை நிலத்தில் ஊன்றி விழுந்தாள்.

வேகம் ஒன்றுமில்லை. நடக்கிற வேகம்தான். ஆனால் ரியூசன் விட்டு நின்ற அவ்வளவு பிள்ளைகளும் பார்த்தார்கள். ஆரோ சிரித்தார்கள். ஆரோ ஒரு பெடியன், "அண்ணை, லொக் கிடக்கு" என்றான். முன்சில்லைப் பார்த்தேன். கலிப்பரோடு மோதி இறுகிப்போய்க் கிடந்தது அந்தக் கறுத்தப் பூட்டு.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது தங்கச்சியின் கை பற்றிய யோசனை இல்லை. "இதை அப்பாட்ட எப்பிடிச் சொல்லுறது?" என்பதுதான். இதை எழுத இப்பவும் வெட்கமாக இருக்கிறது.

அந்த லொக் அப்பா வாங்கித் தந்தது. அவரோடு வேலை செய்கிற ஒருவரின் பைக் கலியாண மண்டப வாசலில் களவு போனதிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய பைக்குகளின் விலை எந்த உயரத்துக்கு ஏறியது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்களிடம் இருக்கிறது ஒரு பழைய பல்சர். அது போனால் இன்னொன்று வாங்க ஏலாது. அதனால் நான் எங்கே போய் நின்றாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "லொக்கைப் போட்டனியோ?"

பூட்டு விசயத்தில் அப்பாவுக்கு ஒரு பழைய காயமும் இருக்கிறது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டபோது, வீட்டு முன்கதவைப் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, திறப்பை எடுத்துக்கொண்டு போனது அவர்தானாம். அடுத்த வருசம் திரும்பி வந்து பார்த்தால் கதவு நிலையோடு இல்லை. அந்தத் திறப்பு இன்னும் எங்கட அலுமாரி லாச்சிக்குள் கிடக்கிறது. அப்படிப்பட்ட மனிசனிடம் போய், "நீங்கள் தந்த பூட்டை நான் கழற்ற மறந்து, தங்கச்சியை விழுத்திப்போட்டன்" என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து பைக்கை நிற்பாட்டியதும் அம்மா முழங்கால் காயத்தைக் கண்டு குழறினா. என்ர வாய் தன்பாட்டில் சொன்னது:

"முடக்கில ஜிம்மி குறுக்க வந்திட்டுது."

தங்கச்சி என்னை ஒருக்கால் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

விடியக் கை வீங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தால் மணிக்கட்டு எலும்பில் சின்ன வெடிப்பு. நாலு கிழமைக்குப் பிளாஸ்ரர். அதுவும் எழுதுகிற கை. அம்மா முடக்கு வீட்டுக்குப் போய்க் கதைத்தா. அந்த வீட்டு மாமி அழாக்குறையாக வந்து தங்கச்சியைப் பார்த்துவிட்டுப் போனா. அன்று பின்னேரமே ஜிம்மியைச் சங்கிலியில் கட்டிவிட்டார்கள். கலைக்கிற நாய் கட்டிக்கிடந்தால் ஒரு மாதிரி ஊளையிடும். இரவில் அது எங்கட அறை வரைக்கும் கேட்கும்.

பிறகு பைக்கிலும் ஒரு வில்லங்கம் தெரிய வந்தது. முன் பிறேக் பிடிக்கும்போது ஹான்டில் உதறியது. கராஜுக்குக் கொண்டு போனேன். அங்கேயும் அதே நாய்க்கதைதான். கராஜ்கார அண்ணை சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தார். குனிந்து கலிப்பரின் விளிம்பைத் தடவினார். பிறகு கேட்டார்:

"ஏன் தம்பி, நாய் கலிப்பரையுமோ கடிச்சது?"

எனக்கு முகம் எரிந்தது. அவர் சிரிக்கவில்லை. "இப்பிடி எத்தினை பேர் வாறவை தெரியுமோ? ஒருத்தரும் லொக்கெண்டு சொல்ல மாட்டினம். நாய், ஆடு, மணல், எண்ணெய் எண்டுதான் சொல்லுவினம். தட்டு வளைஞ்சு போச்சு. தட்டி நிமித்தி ஓடலாமெண்டு மட்டும் நினைக்காத. மாத்து."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை பேருக்கு நடக்கிற ஒரு விசயம் எங்கட காதுக்கு வரவே இல்லை. விழுந்த ஒவ்வொருவரும் ஒரு நாயைக் கண்டுபிடித்துவிடுகிறோம். அதனால் அடுத்தவனும் அதே மாதிரி விழுகிறான்.

ஏன் மறக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். பைக்கில் இன்னொரு பூட்டு இருக்கிறது, ஹான்டில் லொக். அதைக் கழற்ற மறந்து ஒருத்தரும் விழுந்ததில்லை. விழவும் ஏலாது. அதே திறப்பைத் திருப்பினால்தான் ஹான்டில் விடுபடும், அதற்குப் பிறகுதான் எஞ்சினும் ஸ்ராட் ஆகும். அந்தப் பூட்டுக்கு என்ர ஞாபகம் தேவையில்லை. டிஸ்க் லொக் அப்படி இல்லை. பிறேக் தட்டின் ஓட்டைக்குள் ஒரு இரும்பு முளை, அவ்வளவுதான். அது கிடக்கிறது சில்லடியில், கண்ணுக்குப் படாத இடத்தில். அது பூட்டியிருந்தாலும் எஞ்சின் ஸ்ராட் ஆகும், லைற் எரியும், பைக் கொஞ்சத் தூரம் நகரவும் செய்யும். சில்லு சுற்றிப் பூட்டு கலிப்பரில் போய் முட்டும் வரைக்கும் எல்லாம் சரிபோலத்தான் இருக்கும். அதுவரைக்கும் அது நம்பி இருக்கிறது ஓட்டுபவரின் ஞாபகத்தை மட்டும்தான். அந்த ஞாபகத்துக்குள் ஒரு போன் கோலும், ஒரு மழையும், ஒரு குளிசை அட்டையும் புகுந்தால் போதும்.

இந்த யோசனையோடு இணையத்தில் தேடும்போதுதான் ஒரு விமானத்தின் கதை கிடைத்தது. 1935 ஒக்டோபர் 30, அமெரிக்காவின் ஒகையோ மாநிலம், ரைட் பீல்ட் விமானத்தளம். போயிங் நிறுவனம் செய்த மொடல் 299 என்ற குண்டுவீச்சு விமானத்தை இராணுவத்துக்குப் பறந்து காட்டுகிற நாள். நாலு எஞ்சின். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாமான். ஏறியது, செங்குத்தாக மூக்கைத் தூக்கியது, விழுந்து எரிந்தது. ஓட்டிய மேஜர் பிளோயர் ஹில் இறந்தார். கூட இருந்த போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவரும் காயங்களால் பிறகு இறந்தார். காரணம் என்ன தெரியுமா? நிலத்தில் நிற்கும்போது வால்பகுதிச் செட்டைகள் காற்றுக்கு அடிபடாமல் இருக்க ஒரு பூட்டுப் போடுவார்கள். அதை விடுவிக்காமலே ஏறிவிட்டார்கள்.

ஓட்டியவர் கற்றுக்குட்டி இல்லை, இராணுவத்தின் அனுபவமுள்ள சோதனை விமானி. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. "இனிமேல் கவனமா ஓட்டுங்கோ" என்று சொல்லி அவர்கள் விடவில்லை. ஏற முதல், இறங்க முதல் என்னென்ன பார்க்கவேண்டும் என்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எழுதினார்கள். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அதை வாசித்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும். அந்த விமானம்தான் பிறகு பி-17 என்ற பெயரில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. விமானிகள் இன்றைக்கும் பட்டியல் வாசித்துத்தான் விமானத்தை எடுக்கிறார்கள். நிலத்தில் நிற்கும்போது போடுகிற மூடிகளிலும் முளைகளிலும், பறக்க முதல் கழற்றச் சொல்லிச் சிவப்புப் பட்டி தொங்கும்.

எங்கட வீடுகளில் இதற்கெல்லாம் இருக்கிற ஒரே மருந்து பேச்சு. "உனக்குக் கவனமில்லை." "உன்ர மூளை எங்க நிண்டது?" மறதியை எங்கட ஆக்கள் ஒரு குணக்கேடாகத்தான் பார்ப்பார்கள். அதனால் மறந்தவன் முதலில் தேடுவது மருந்தை இல்லை, ஒளிக்க ஒரு இடத்தை.

இதற்குள் ஒவ்வொரு இரவும் நான் தங்கச்சியின் கையாக இருந்தேன். கடந்தகால வினாத்தாள்களுக்கு அவள் விடை சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும். புவியியல் கட்டுரை. அவள் வேகமாகச் சொல்லுவாள். நான் பிந்துவேன், எழுத்துப்பிழை விடுவேன், அவள் ஏசுவாள். பதினாறாம் நாள் இரவு, ஒரு கேள்விக்கு நடுவில் அவள் சொல்வதை நிற்பாட்டினாள். வெளியில் ஜிம்மி ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா, என்ர கை பரவாயில்லை. அது மாறும். அந்த நாயை எத்தினை நாளைக்குக் கட்டி வைச்சிருக்கப்போறாய்?"

பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போனேன். அப்பா விறாந்தையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே முழுவதையும் சொன்னேன். அவர் நல்லாப் பேசினார். மறந்ததற்கு ஒரு பங்கு, பொய் சொன்னதற்கு மூன்று பங்கு. "சின்னப் பிள்ளையையும் பொய்யுக்குக் கூட்டுச் சேர்த்திருக்கிறாய்" என்றார். அது சரிதானே, நான் வாய் திறக்கவில்லை. பிறகு முடக்கு வீட்டுக்கு என்னைத் தனியப் போகச் சொன்னார். போனேன். மாமி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. பிறகு என்னைக்கொண்டே சங்கிலியை அவிழ்ப்பித்தா.

அடுத்தநாள் வேலையால் வந்த அப்பா, எங்கட பழைய லான்ட்போனை எடுத்து வைத்துக்கொண்டு மேசையில் இருந்தார். லைன் வெட்டி எத்தனையோ வருசம். அதன் ரிசீவரில் இருந்த சுருள் வயரை அறுத்தார். ஒரு நுனியை டிஸ்க் லொக்கோடு இறுக்கிக் கட்டினார். மற்ற நுனியில் ஒரு வளையம் போட்டு, அக்சிலேற்றர் பிடியில் கொழுவினார். வயரில் அம்மாவின் சிவப்புச் சீலைக் கரைத்துண்டு ஒன்றையும் முடிந்தார். "இனி ஏறிக் கையை வைச்சால் இது கையில தட்டும்" என்றார். இதுக்கென்றே செய்த வயர் கடைகளில் விற்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

டிஸ்க் லொக் போடுகிற ஆக்களுக்கு, விழுந்து படித்தவன் என்ற முறையில் இன்னும் மூன்று விசயம் சொல்கிறேன்.

ஒன்று, பூட்டைக் கண்ட ஓட்டையில் போடாதேங்கோ. சில்லு முன்னுக்கு உருளும்போது கலிப்பரில் உடனே முட்டக்கூடிய ஓட்டையாகப் பார்த்துப் போடுங்கோ. மறந்தாலும் பைக் அசைய முதலே தடுக்கும், வேகமெடுக்க இடமிருக்காது.

இரண்டு, ஏற முதல் பைக்கைக் கையால் ஒரு சில்லுச் சுற்றுத் தள்ளுங்கோ. கிட்டத்தட்ட இரண்டு மீற்றர். பூட்டுக் கிடந்தால் அதற்குள் முட்டியே ஆகவேண்டும்.

மூன்று, பின்னால் ஏறுகிற ஆள் கேட்கவேண்டும். கேட்டால் கோவிக்கக்கூடாது.

தங்கச்சியின் பிளாஸ்ரரைப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது வெட்டினார்கள். முதல் நாள் ஒரு பக்கம் எழுதவே கை நொந்தது. பரீட்சையைத் தன்ர கையாலேயே எழுதினாள். புவியியலில் ஒரு கேள்விக்கு நேரம் காணாமல் போய்விட்டது என்று வந்து சொன்னாள். அது கையாலோ, கேள்வியாலோ என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இப்பவும் அவளை ஏற்றிக்கொண்டுதான் திரிகிறேன். ஏறி இருந்ததும் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள்.

"லொக்?"

"கழட்டியாச்சு."

"வயர்?"

"பாக்குக்குள்ள."

பிறகுதான் கிளச்சை விடுவேன். முடக்கால் திரும்பும்போது ஜிம்மி வழமைபோலக் கலைத்துக்கொண்டு வரும். கலைக்கட்டும்.