சுற்ற மறந்த படம்

சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் நடந்த புகைப்படக் கண்காட்சியில் என் படம் ஒன்றை எல்லாரும் பாராட்டினார்கள். இருண்ட வாசற்கதவின் முன் பாட்டி அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்தே எழுவதுபோல் பத்துமலைப் படிகள். "முதுமையின் ஏக்கத்தை எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டாய்!" என்றார் ஒரு சீனியர். நன்றி சொல்லித் தலையாட்டினேன். உண்மையைச் சொல்லவில்லை. நண்பர்களே, இங்கே ஒப்புக்கொள்கிறேன்: நான் படச்சுருளைச் சுற்ற மறந்துவிட்டேன்!

என் கையில் இருந்தது ஹோல்கா. 1982-இல் ஹாங்காங்கில் பிறந்த மலிவான பிளாஸ்டிக் கேமரா. லென்ஸும் பிளாஸ்டிக்தான். ஒரு சுருளில் 12 சதுரப் படங்கள். சுற்றாமல் மீண்டும் அழுத்தினாலும் தடுக்காது. முதல் காட்சியின் இருண்ட இடத்தில் இரண்டாவது வந்து அமர்ந்துகொள்ளும். ஓரங்கள் கறுக்கும், இடுக்கில் வெளிச்சம் கசியும். இந்தக் குறைகளே கற்பனையைத் தூண்டும் என்பார்கள். அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் டேவிட் பர்னெட், 2000-ஆம் ஆண்டுத் தேர்தல் பிரசாரத்தில் அல் கோரை ஹோல்காவில் எடுத்த படம் பரிசும் பெற்றது. ஆனால் அவர் வியட்நாம் போர்க்களத்திலேயே படம் எடுத்துப் பழகியவர். நான்?

வேண்டுமென்றே அப்படி ஒரு படம் எடுக்க முயன்றேன். நான்கு முறை லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை. மீதி எட்டும் ஒன்றோடொன்று குழம்பிப் போயின.

பிறகுதான் பாராட்டுப் பெற்ற படத்தை நிதானமாகப் பார்த்தேன். அன்று தைப்பூசம். "நானும் வரட்டாய்யா?" என்று பாட்டி கேட்டார். "வேணாம் பாட்டி, 272 படி. உங்க முட்டி தாங்காது" என்று சொல்லி, அவரை ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்பினேன். படிகள் விழுந்தது தற்செயல். அந்த முகத்தில் இருந்த ஏக்கம் தற்செயல் அல்ல. படம் எடுத்த நான்தான் அதைக் கடைசியாகக் கண்டேன்.

தற்செயலாக ஒரு நல்ல படம் யாருக்கும் கிடைக்கும். அடுத்த படத்திற்கு, எதிரில் இருப்பவரைப் பார்க்கத் தெரிய வேண்டும். அதை எந்தக் கேமராவும் கற்றுத் தராது. ஆனால், 12 படங்கள்தான் என்னும்போது அழுத்துவதற்கு முன் விரல் சற்றுத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில் பார்க்க நேரம் கிடைக்கிறது. பொம்மைக் கேமரா எனக்குத் தந்தது அவ்வளவுதான்; அதுவே பெரிது.

போன மாதம் பாட்டியைப் பத்துமலை அடிவாரத்துக்கு அழைத்துப் போனேன். படிகளை நிமிர்ந்து பார்த்துக் கைகூப்பி நின்றார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரே ஒரு படம் எடுத்தேன்.

மறக்காமல் சுற்றினேன்.