பாலாற்றுத் தண்ணியில் வெந்த பருப்பு

பெர்த் நகரத்தில் தமிழர்கள் கூடுகிற பொங்கல் விருந்துக்கு அவரவர் ஊர்ச் சாப்பாட்டை அவரவர் வீட்டில் ஆக்கிக்கொண்டு போக வேண்டும். திருநெல்வேலிக்காரர் சொதி கொண்டுவருவார். கோவைக்காரர் வீட்டிலிருந்து அரிசியும்பருப்பும் வரும். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் ஒடியல் கூழை அவ்வளவு பெரிய குண்டானில் தூக்கிவருவதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். என் முறை வரும்போதுதான் பேச்சு திக்கும். "நீங்க கர்நாடகா இல்ல? பிஸிபேளாபாத் கொண்டு வாங்களேன்" என்பார்கள். பிஸிபேளாபாத்தை நாங்கள் ஓட்டலில்தான் சாப்பிட்டிருக்கிறோம். எங்கள் வீட்டில் அது ஒருநாளும் ஆனதில்லை.

என் ஊர் கோலார் தங்கவயல். 2018-ல் அந்தக் கன்னடப் படம் வந்ததிலிருந்து கே.ஜி.எஃப். என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தாடிக்காரரைத் தெரிகிறது. அங்கே ஒரு தமிழ் ஊர் இருந்தது, அது தினம் மூன்று வேளை ஆக்கித் தின்றது என்பது தெரிவதில்லை.

இந்த முறை ஜனவரியில் ஊருக்குப் போனேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அவரைக்காய் சீசன். அதைச் சொன்னால் ஆபீசில் லீவு தரமாட்டார்கள் என்று அத்தைக்கு உடம்பு சரியில்லை என்றேன். அத்தை அதைக் கேட்டிருந்தால் கரண்டியால் அடித்திருப்பார்.

பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் போகிற சாயங்கால வண்டியில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். தையல் கம்பெனிப் பெண்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர்கள், ஐ.டி. கட்டடங்களின் வாசலில் காவல் நிற்பவர்கள் என எல்லாரும் காலையில் இருட்டோடு கிளம்பி வந்தவர்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை, பைக்குள் காலி டிபன் பாக்ஸ். பெட்டி முழுக்க ஆறிப்போன குழம்பு வாசனை. கருவாடு ஒரு பக்கம், ரசம் ஒரு பக்கம். எதிரே இருந்த அம்மா பக்கத்துப் பெண்ணிடம் கேட்டார்:

"காலையில குடுத்தியே, அது என்னா பொரியல்மா?"

"முருங்கக்கீரை அக்கா. கேவுரு மாவு தூவினது."

"அதான் கேட்டேன். கசப்பே இல்ல."

பங்காருப்பேட்டையில் சிலர் பானிபூரி வாங்கிக்கொண்டு ஏறினார்கள். அந்த ஊர்ப் பானிபூரியின் தண்ணீர் பச்சையாக இருக்காது, கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். காரம் மட்டும் மண்டைக்கு ஏறும். அதற்குமேல் அதைப் புகழ எனக்கு மனமில்லை, நான் வந்தது வேறு விஷயத்துக்கு. அங்கிருந்து கிளைப் பாதை. 1894-ல் சுரங்கத்துக்காகப் போட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், கடைசியில் மாரிக்குப்பம். நிலையங்களின் பெயர் பெரும்பாலும் சுரங்கங்களின் பெயர்தான்.

லண்டனில் இருந்த ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இங்கே தோண்ட வந்தது. தோண்ட ஆள் வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்தும் வந்தது. பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். வரும்போது என்ன கொண்டுவந்தார் என்று யாருக்கும் தெரியாது. நாக்கைக் கொண்டுவந்தார் என்பது மட்டும் நிச்சயம். களி, கருவாட்டுக் குழம்பு, மாட்டுக்கறி, காய வைத்த உப்புக்கண்டம். கம்பெனி கொடுத்த இடத்தில் மூங்கில் தட்டியை நிறுத்திக் கூரை போட்டு, அதற்குள் அடுப்பைப் பற்றவைத்தார்கள். சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர் இது, பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான். ஆனால் அது வந்தது இயந்திரங்களுக்கு. எங்கள் ஆயா கடைசிவரை விறகிலும் மரத்தூள் அடுப்பிலும்தான் ஆக்கினார்.

எங்கள் வீட்டுச் சமையலை நடத்தியது பசி இல்லை, சங்கு. ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும். அப்பா நைட் ஷிப்ட் என்றால் வீட்டில் காலையில்தான் ராத்திரிச் சாப்பாடு. பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் அப்பாவோடு உட்கார்ந்து கறிக்குழம்பும் களியும் தின்றுவிட்டுப் போயிருக்கிறேன். வாத்தியார் மோப்பம் பிடித்துவிடுவார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கு மேல் போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பினாலும் மனுஷன் வேர்த்து உப்பாகக் கரைந்துவிடுவான். அதனால் எங்கள் லைனில், அதாவது தொழிலாளர் வீடுகளின் வரிசையில், எல்லார் வீட்டுச் சமையலிலும் உப்பு ஒரு கல் தூக்கலாகவே விழும். களி ஏன் என்றால் அதைப் பல் தொட வேண்டாம், குழம்பில் புரட்டி விழுங்கினால் ஷிப்ட் முடியும்வரை வயிற்றில் கிடக்கும். சில நாள் அடியில் பாறை வெடிக்கும். மேலே எங்கள் வீட்டுப் பரணில் பித்தளைப் பாத்திரங்கள் கடகடவென்று ஆடும். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அன்றைக்கு லைன் முழுக்கச் சோறு தீய்ந்திருக்கும்.

அத்தை இருப்பது ஆண்டர்சன்பேட்டையில். நான் போய்ச் சேர்ந்தபோது நடுவீட்டில் முறத்தைப் போட்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். "வந்துட்டியா? கை கழுவிட்டு வந்து உக்காரு, ஆளு பத்தல" என்பதுதான் வரவேற்பு. பனி இறங்கிய பிறகு வருகிற முற்றின அவரைக்குத்தான் அந்த வாசனை. தோலில் லேசாக எண்ணெய்ப் பசை இருக்கும். உரித்த விரலை எத்தனை சோப்புப் போட்டாலும் மறுநாள்வரை வாசனை போகாது. கொட்டையை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டார். விடிந்ததும் பிதுக்கும் வேலை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு கொட்டையை வைத்து முனையைப் பார்த்து அழுத்த வேண்டும். மேல்தோல் கையில் நிற்கும், உள்ளே இருக்கும் பச்சைப் பருப்பு துள்ளிப்போய்ச் சட்டியில் விழும். பழகாதவன் பிதுக்கினால் சுவரில் போய் ஒட்டும். பேச்சு நடக்க நடக்க, அத்தையின் கை பார்க்காமலே பிதுக்கியது.

கொத்தமல்லி விதை, மிளகாய், பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் வறுத்து, தேங்காயோடு பூண்டும் இஞ்சியும் வைத்து அரைத்தார். தக்காளிக்குக் கோலார் மாவட்டத்தில் என்ன பஞ்சம்? நசுக்கிப் போட்டார். பருப்பைப் போட்ட பிறகுதான் அடுப்பைப் பார்த்து முனகினார்.

"வேகாது பாரு. போர் தண்ணி. உங்க நைனா காலத்துல பேத்தமங்கலத்துத் தண்ணி. ஒரு கொதியில மலர்ந்துடும்."

பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் மேல் இருக்கிறது. சுரங்கக் கம்பெனிகளின் காலத்திலேயே அங்கிருந்து தங்கவயலுக்குக் குழாய் வந்துவிட்டது. அதே பாலாறுதான் கீழே வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று போகிறது. ஆக, எங்கள் கொள்ளுத்தாத்தா ஊரை விட்டு வந்தாரே தவிர ஆற்றை விட்டு வரவில்லை. மேலே ஏறிவந்து அதே தண்ணீரில் உலை வைத்தார். நூற்றாண்டுக்கு மேல் இந்தச் சமையல் மாறாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். பாட்டியின் கைமணம் என்கிறோம், தண்ணீரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கடினத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது சமைத்தவர்களுக்கெல்லாம் தெரியும். இப்போது ஆறு பெரும்பாலும் மணல்தான். ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியுமாகக் காலம் ஓடுகிறது. அத்தை ஒரு சிட்டிகை சோடா உப்பை எனக்குத் தெரியாமல் போட்டார். எனக்குத் தெரிந்தது.

வெளியே மொட்டை மாடியில் வெங்காய வடகம் காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு பழைய வாயில் புடவை போர்த்தியிருந்தார்கள், காக்காய்க்கு இல்லை. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடு மேடாக இன்னும் நிற்கிறது. காற்றடித்தால் தூள் பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் படியும். சாம்பல் நிற மாவு. அதைத் தட்டிவிட்டுத்தான் எங்கள் ஊரில் எதையும் வாயில் வைக்க முடியும்.

ஊரில் எங்களைப்போலவே வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கின இன்னொரு கூட்டம் இருந்தது. ஜான் டெய்லர் கம்பெனி இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கம் தெரிந்தவர்களைக் கூட்டிவந்தது. அவர்களுக்கு கிளப், தேவாலயம், கோல்ஃப் மைதானம். குட்டி இங்கிலாந்து என்றே ஊருக்குப் பேர். கார்ன்வாலில் சுரங்கத்துக்குப் போகிறவன் பையில் பேஸ்டி இருக்கும், மாவுக்குள் கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்டது. அடிலெய்டு போயிருந்தபோது மூண்டா என்கிற பழைய தாமிரச் சுரங்க ஊரில் அதைத் தின்றேன். அங்கேயும் கார்ன்வால்காரர்கள்தான் தோண்டியிருக்கிறார்கள். 1973-லிருந்து திருவிழா வைத்துப் பேஸ்டி தின்கிறார்கள். சுரங்கம் மூடி ஐம்பது வருஷம் ஆன பிறகு ஆரம்பித்த திருவிழா அது. என் நாக்குக்கு உப்பு, காரம் எதுவும் ஏறவில்லை. ஆனால் கையில் பிடித்துத் தின்கிற அந்தக் கெட்டித்தனத்தைப் பார்த்ததும் இதுவும் ஷிப்ட்டுக்குப் போகிறவன் சாப்பாடு என்று புரிந்தது.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஆங்கிலோ இந்தியர்கள். தேங்காய்ப்பால் மஞ்சள் சோறும் கோலா உருண்டைக் குழம்பும் அவர்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு லைன் லைனாகத் தட்டு வரும், அதில் குல்குல், ரோஸ் குக்கி. எங்கள் அச்சுமுறுக்குதானே இது என்று ஆயா கேட்பார், தின்றுகொண்டே. இந்தச் சமையலை பிரிஜிட் வைட் குமார் புத்தகம் புத்தகமாக எழுதிவைத்திருக்கிறார். அவரும் தங்கவயல்காரர்தான். உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற ஆங்கிலோ இந்தியரும் அதைப் பார்த்து ஆக்கலாம். லைன் வீட்டுக் களிக்கும் உப்புக்கண்டத்துக்கும் அப்படி ஒரு புத்தகத்தை நான் பார்த்ததில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. மாட்டுக்கறி என்று எழுதினால் யார் என்ன நினைப்பார்களோ என்கிற தயக்கம் எங்கள் தலைமுறையில் நிறையப் பேருக்கு உண்டு. பெர்த் விருந்தில் என் பேச்சு திக்குவதற்கும் பாதிக் காரணம் அதுதான், கர்நாடகா அல்ல.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். சங்கு நின்றது. நியாயமாகப் பார்த்தால் எங்கள் சமையல் மற்ற ஊர்க்காரர்களின் நேரத்துக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அத்தை மகள் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருக்கிறாள். காலை வண்டியைப் பிடிக்க அவளுக்கு நடு இரவு தாண்டிய கையோடு குழம்பு இறக்கப்பட வேண்டும். நான் தங்கியிருந்த நாட்களில் இருட்டில் எழுந்து ஜன்னலைப் பார்ப்பேன். தெரு முழுக்கச் சமையலறை விளக்குகள் மட்டும் எரியும், குக்கர் ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்லும். ஃபஸ்ட் ஷிப்ட்டுக்கு ஆக்கின அதே கைகள் இப்போது ரயிலுக்கு ஆக்குகின்றன. உப்பும் குறையவில்லை. அடியில் இறங்க ஆளில்லாத வீட்டில் எதற்கு அத்தை இவ்வளவு உப்பு என்றால், "உப்பில்லாத சோறு ஆஸ்பத்திரியில போடுவாங்க, போய்த் தின்னு" என்கிறார். அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை இரண்டு வேளை.

பெர்த்தில் நான் செய்வதை ஒருநாள் செய்து காட்டச் சொன்னார் அத்தை. அங்கே குஜராத்திக் கடை ஃப்ரீசரில் சுர்த்தி லில்வா என்று அவரைக்கொட்டை பாக்கெட்டில் கிடைக்கும். உறைந்த கொட்டை என்பதால் தோல் பாதி நழுவும், பாதி கிழியும். தேங்காய்க்குப் பதில் டப்பாப் பால், புளிப்புக்கு எலுமிச்சை, டாக்டர் சொன்னபடி அரை உப்பு. இதையெல்லாம் அத்தை வீட்டு அடுப்பில், அவர் பிதுக்கிய நல்ல பருப்பிலேயே செய்தேன். டப்பாப் பாலை வாங்க ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவைச் சுற்றியதைச் சொன்னால் தனிக் கட்டுரை ஆகும். அத்தை ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை மகளின் டிபன் பாக்ஸில் ஊற்றி மூடினார்.

மறுநாள் காலை வண்டி ஒயிட்ஃபீல்டு தாண்டியிருக்கும், எனக்கு வாட்ஸாப்பில் செய்தி வந்தது: "மாமா, கொழம்பு காலி. எதிர் சீட்டு அக்கா கேட்டாங்க, உங்க வூட்ல இன்னிக்கி உப்பு தீந்துபோச்சான்னு."