நண்பரின் குறிப்பேடு

எம்முடன் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் நண்பரொருவர்க்கு விஞ்ஞானச் செய்திகளின்மேல் தணியாத வேட்கையுண்டு. ஆயினும் அவர் தம் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் மட்டுமே செய்தியை எழுதுவர். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுவைப்பர். தாள் வீணாகின்றதே என்று விடுதித் தோழர் நகைப்பதுமுண்டு.

அவ்வேட்டை யாம் வாங்கிப் பார்த்தோம். ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தினின்று இத்தாலி நாட்டுக் கிரான் சாசோ மலைக்கு, ஏறக்குறைய 730 கிலோமீட்டர் நிலத்தினூடே சென்ற நியூட்ரினோத் துகள்கள் ஒளியினும் 60 நானோ வினாடி முந்தி வந்தன என்பது 2011 செப்டம்பர் மாதச் செய்தி. ஐன்ஸ்டைன் கொள்கை வீழ்ந்ததோ என உலகெங்கும் பேச்செழுந்தது. ஆய்ந்தவர்களோ அங்ஙனம் கூறினாரல்லர். பிழையிருப்பின் காட்டுக என்றே பிற அறிஞரை வேண்டினர். 2012இல் முதன்மையான காரணம் வெளிப்பட்டது. ஓர் ஒளியிழை வடம் செவ்வனே பொருத்தப்படாதிருந்ததாம்! மீண்டும் அளந்தபோது துகள்கள் ஒளியை முந்தவில்லை. இது வலப்பக்கம்.

முன்னதைப் படித்தார் பலர். பின்னதைப் படித்தார் எத்துணைப் பேர்? எமக்குப் பின்னதே பெருஞ்செய்தியாகத் தோன்றுகின்றது. பல சுவடிகளை ஒப்புநோக்கி 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரைப் போற்றும் எம் வகுப்பிற்கு இவ்வேடு அயலன்று.

வெள்ளிக் கோளின் வளிமண்டலத்திற் பாஸ்பீன் வாயு காணப்பட்டதென்ற 2020ஆம் ஆண்டுச் செய்திக்கு எதிரே, மறுப்பும் மறுப்பிற்கு மறுப்பும் நெருங்கி நிற்கின்றன. இடம் போதாமையால் நண்பர் தனித்தாளொன்றை ஒட்டியிருக்கின்றார்.